ஆறு லட்சத்து நூற்று இருபத்தாறு

ஜீவிதா உண்மையைச் சொல்லாமல் இருந்தது மொத்தம் இருநூற்றுப் பதினாறு மணி நேரம். தூங்கிய நேரத்தைக் கழித்துக்கொள்ளலாம். பெரிய வித்தியாசம் வந்துவிடாது. அந்த ஒன்பது நாளும் அவள் அதிகம் தூங்கவில்லை.

கணக்கு ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தொடங்குகிறது. நிறைகூடை என்ற இணையக் கடைக்குக் கேம்ப் ரோடு தாண்டி அகரம்தென் சாலையில் மூன்று தளக் கட்டடம். கீழே கிடங்கு, நடுவில் தொலைபேசி, மேலே மேலிடம். ஆப்பில் ஆர்டர் போடத் தெரியாதவர்கள் கூப்பிட்டால் எடுத்துப் பேசி, அவர்களுக்காகத் தட்டச்சு செய்வது ஜீவிதாவின் வேலை. பி.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். நேரில் நான்கு பேர் நின்றால் அவளுக்குக் குரல் வராது. தொலைபேசியில் வரும். அதை நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தாள்.

அன்று கூப்பிட்டவர் மாடம்பாக்கத்திலிருந்து எட்மண்ட்.

"ஏம்மா, வாக்கர் காலுக்கு அடியில மாட்டுவாங்களே, ரப்பர் புஷ்ஷு, அது இருக்கா? பழைய மாடல். முக்கால் இன்ச்."

"இருக்கு சார்."

"அப்பாடா. மெடிக்கல் ஷாப்ல எல்லாம் புது வாக்கரே வாங்குங்கங்கறான். ஒண்ணு போதும்மா. மத்த மூணு காலுக்கு இருக்கு. என் ஒய்ஃப் யூனிஸுக்கு இடுப்புல ஆபரேஷன் ஆயிருக்கு. டாக்டர் நடந்தே ஆகணும்ங்கறார். ஒரு கால்ல புஷ் இல்லாம டைல்ஸ்ல வழுக்குது. இன்னொரு தடவை விழுந்தா அவ்வளவுதான்னு சொல்லியிருக்காங்க."

தாம்பரத்தில் ரயில் தபால் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர் என்று அவரே சொன்னார். முகவரியைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொன்னார். பெயர் கடைசியில் வந்தது. "கடிதம் பிரிக்கிறவன் அப்படித்தாம்மா படிப்பான். பேரெல்லாம் போஸ்ட்மேன் பாடு," என்றார். ஜீவிதா சிரித்துக்கொண்டே தட்டினாள். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

திரை 'நிச்சயமா?' என்று கேட்டது. ஒரு பாக்கெட் ஊதுவத்திக்கும் அது அப்படித்தான் கேட்கும். 'ஆம்' என்று தட்டினாள்.

சுவரில் மணி அடித்தது.

அது லட்சத்துக்கு மேல் எண்ணிக்கை உள்ள ஆர்டர் வந்தால் தானாக அடிக்க வேண்டிய மணி. கடை திறந்த ஏழு வருஷத்தில் ஒரு முறையும் அடித்ததில்லை. ஆயுத பூஜையன்று மட்டும் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். இப்போது அது அடித்ததும் முதலில் எல்லோரும் தீ விபத்து என்று நினைத்துப் படியிறங்கி ஓடினார்கள். ஜீவிதா மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய திரையில், எண்ணிக்கை என்று எழுதிய கட்டத்தில், 6,00,126 என்று இருந்தது.

எப்படி அப்படி ஆயிற்று என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. திருத்தப் பார்த்தாள். கட்டம் பூட்டிக்கொண்டிருந்தது.

மேலே இருந்து சம்பத் சார் ஓடி வந்தார். அவர் பேரெண்ணிக்கைப் பிரிவின் தலைவர். பேரெண்ணிக்கை வராததால் அந்தப் பிரிவுக்கு ஏழு வருஷமாக வேலை கிடையாது; ஆனால் தயாராக இருப்பது என்ற வேலை இருந்தது. அதற்காக அவர் தினமும் ஒன்பதரைக்கு வந்து ஆறரை வரை தயாராக இருப்பார்.

"யாரும்மா எடுத்தது?"

"நான்தான் சார். ஆனா அது..."

"ஆனா கீனா எல்லாம் வேணாம். தன்னடக்கம் போதும்." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "என் மாமனார் கேட்பாரும்மா, ஆபீஸ்ல என்ன மாப்ளே பண்றீங்கன்னு. இன்னிக்குச் சொல்வேன்."

லட்டு வந்தது. ஜீவிதாவின் வாயில் யாரோ ஒரு லட்டைத் திணித்தார்கள். வாய் காலியானபோது கைதட்டல் முடிந்து, அவளைச் சக்கரம் வைத்த நாற்காலிக்கு மாற்றியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் தளத்தில் கூட்டம். நிறுவனர் ஸ்ரீரங்கன் எழுந்து நின்றார்.

"நண்பர்களே, ஒருத்தர் நம்மகிட்ட ஒண்ணு கேட்டா நாம லேட் பண்ணியிருக்கோம். மறந்திருக்கோம். செருப்பு கேட்டவருக்குச் சீப்பு அனுப்பியிருக்கோம். அதையெல்லாம் நான் மறைக்க விரும்பல. ஆனா ஒருத்தர் ஆறு லட்சம் கேட்டா, நாம எழுந்து நிக்கிறோம். இதுதான் நம்ம பண்பாடு."

எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

பிறகு சம்பத் விதிகளைப் படித்தார். ஏழு வருஷத்தில் நாற்பத்தொரு விதி எழுதி வைத்திருந்தார். பேரெண்ணிக்கை ஆர்டர் செய்தவரைப் 'பெருமதிப்பாளர்' என்றுதான் குறிப்பிட வேண்டும். அவரிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூடாது. அது மரியாதை இல்லை. சாதாரண ஊழியர்கள் அவருடன் பேசக் கூடாது. பொருளைப் பகுதி பகுதியாக அனுப்பக் கூடாது.

ஜீவிதா கை தூக்கினாள். அவள் அதுவரை எந்தக் கூட்டத்திலும் கை தூக்கியதில்லை. அரை அடிக்கு மேல் கை ஏறவில்லை.

"சார், கிடங்குல நாப்பது இருக்கு. அதுல ஒண்ணு மட்டும் முதல்ல அனுப்பிடலாமா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சம்பத் சிரிக்கவில்லை. "ஆறு லட்சம் கேட்டவருக்கு ஒண்ணு அனுப்பினா அது கிண்டல்மா. அந்த மனுஷன் மனசு என்ன பாடுபடும்?"

"அவர் ஒய்ஃப்புக்கு ஆபரேஷன்..."

"பாத்தீங்களா," என்று சம்பத் மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார், "சொந்தத் துக்கத்துலகூட எவ்வளவு பெரிசா யோசிக்கிறார் மனுஷன்!"

இது நடந்த இடத்திலிருந்து எட்மண்ட் வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம்.

சனிக்கிழமை முதல் எட்மண்டின் எண் பெருமதிப்பாளர் இணைப்புக்கு மாற்றப்பட்டது. அதில் மனிதர்கள் கிடையாது. ஒரு வயலின் வாசிக்கும். பிறகு ஒரு பெண் குரல், 'உங்கள் ஆர்டர் மிகப் பெரியது. ஆகவே நீங்களும்' என்று சொல்லும். வாடிக்கையாளர் பேசுவது பதிவாகும். பதிவுகளைக் கேட்டு ஒரு வரிக் குறிப்பு எழுதும் வேலை, சாதாரண ஊழியர் பேசத்தானே கூடாது என்பதால், ஜீவிதாவிடமே வந்தது.

முதல் பதிவில் எட்மண்ட் சொன்னார்: "ஏம்மா, நீதானா? வயலின் நல்லா இருக்கும்மா. அந்தப் புஷ் எப்போ வரும்? கிழிஞ்ச பனியனைச் சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருக்கேன். நாலு அடிக்கு ஒரு தடவை அவிழ்ந்துடுது."

காத்திருக்கிறார் என்று ஜீவிதா எழுதினாள். பொறுமையான பெருமதிப்பாளர் என்று சம்பத் திருத்தினார்.

திங்கட்கிழமை மதியம் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவளே ஆர்டரை ரத்து செய்யப் போனாள். திரை காரணம் கேட்டது. நான்கு காரணங்கள் இருந்தன. வாடிக்கையாளர் மனம் மாறினார். வாடிக்கையாளர் ஊர் மாறினார். வாடிக்கையாளர் காலமானார். இயற்கைப் பேரிடர். வெகுநேரம் நான்காவதன் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல வெயில்.

துணிந்து சம்பத்திடமே கேட்டாள். "சார், நம்ம பக்கம் தப்பு நடந்திருந்தா எதை அழுத்தணும்?"

"அந்த வரி இல்லம்மா."

"ஏன் சார்?"

"தேவைப்படல. ஏழு வருஷத்துல இந்தப் பிரிவு ஒரு தப்புகூடப் பண்ணதில்ல." அவர் அதை மிகுந்த அமைதியுடன் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை கிடங்குக்கு இறங்கினாள். கிடங்கு மேற்பார்வையாளர் முனிரத்தினம் ஒரு அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அகரம்தென்காரர். அந்தக் கட்டடம் நின்ற இடம் ஒரு காலத்தில் அவர் பெரியப்பாவின் நிலம் என்பதால் அங்கே அவர் யாருக்கும் பயப்படுவதில்லை.

"வா பாப்பா. இன்னா, உன் ஆர்டரால பெரிய பேஜாராப் பூட்ச்சு. ஒரு வாக்கருக்கு நாலு காலு. ஆறு லட்சத்து நூத்தி இருபத்தாற நாலால வகுத்தா ரெண்டு மீதி நிக்கிது. ரெண்டு காலு வாக்கர் எங்கனா கீதா, நீயே சொல்லு?"

"இல்லண்ணா."

"மேல சம்பத்தாண்ட கேட்டேன். அது சாம்பிளாம். ஆறு லட்சம் வாங்குறவனுக்கு ரெண்டு சாம்பிளாம்!" சாக்பீஸை வீசினார். "உன் மூஞ்சி ஏன் இப்டி கீது? சாப்ட்டியா?"

ஜீவிதா பாதியைச் சொன்னாள். எட்மண்டுக்கு உடனே ஒன்று தேவை, அந்த அம்மா விழுந்துவிடுவார் என்கிற பாதி. எண் எப்படி வந்தது என்கிற மீதிப் பாதியைச் சொல்லவில்லை. முனிரத்தினம் எழுந்தார். நாற்பது புஷ் இருந்த தொட்டியைச் சிவப்பு நாடா சுற்றி முத்திரை வைத்திருந்தார்கள். நாடாவை விலக்கி ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"ஆறு லட்சத்துல ஒண்ணு கொறஞ்சா எவன் எண்ணிகினு இருக்கப் போறான்? போற வழியில குட்துட்டுப் போ."

கறுப்பாக, உள்ளங்கையில் அடங்கும்படி இருந்தது. மறுநாள் காலை மாடம்பாக்கம் வழியாக வரலாம் என்று கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே போயிருக்கலாம். போனால் எட்மண்ட் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு ராத்திரி அவகாசம் எடுத்துக்கொண்டாள்.

அந்த ராத்திரி போதுமானதாக இருந்தது. புதன்கிழமை விடிந்தபோது, இருப்பு எண்ணும் இயந்திரம் முப்பத்தொன்பது என்று சொல்லிவிட்டது. ஏழரைக்கெல்லாம் எல்லோரையும் வரச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தது. ஆர்டருக்குக் குறைவாக இருந்த ஆறு லட்சத்து எண்பத்தாறு பற்றி யாருக்கும் கவலை இல்லை. அது 'வரவேண்டியது'. ஒன்று குறைந்ததுதான் 'காணாமற்போனது'. விசாரணைக் குழு அமைந்தது. மூன்று பேர் முனிரத்தினத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பெருமதிப்பாளரோட சொத்தைத் தொட்டிருக்கீங்க," என்றார் சம்பத்.

"அவுருக்கே தான்யா குட்கலாம்னு எட்த்தேன்."

"அவருக்குச் சேரவேண்டியதை அவருக்குத் தெரியாம அவருக்குக் குடுக்கிறது என்னன்னு தெரியுமா? திருட்டு."

முனிரத்தினம் ஜீவிதா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பொருள் எங்கே என்று கேட்டதற்கு, "எங்கனா உருண்டு பூட்ருக்கும், ரப்பர்தானே," என்றார். அவரை வேலைநீக்கம் செய்யக் கடிதம் தயாரானது. ஜீவிதா கழிப்பறைக்குப் போவதுபோல் கீழே இறங்கி, புஷ்ஷைத் தொட்டிக்கு அடியில் உருட்டிவிட்டு வந்தாள். பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவருக்குக் கைதட்டினார்கள். வேலைநீக்கம் சனிக்கிழமை வரை தள்ளிப்போடப்பட்டது.

வியாழக்கிழமைப் பதிவில் எட்மண்டின் குரல் தணிந்திருந்தது. "யூனிஸ் நேத்து சாயங்காலம் வழுக்கிட்டாம்மா. நல்லவேளை, ஃபிரிட்ஜைப் புடிச்சுட்டா. இப்போ பயந்துகிட்டு எந்திரிக்கவே மாட்டேங்கறா. உன்னைத் தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதே. நீ முயற்சி பண்ணிகிட்டுதான் இருப்பே. உன் குரலைக் கேட்டாலே தெரியும், பொறுப்பான பொண்ணுன்னு."

ஜீவிதா அதை நான்கு முறை கேட்டாள். குறிப்பு எழுத வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டாள். சம்பத் அதில் திருப்தி என்று நிரப்பினார்.

வெள்ளிக்கிழமை ஆய்வுப் பிரிவு அறிக்கை வந்தது. ஆறு லட்சம் சரி, அது என்ன கூடுதலாக நூற்று இருபத்தாறு? எட்டுப் பக்க அறிக்கை. சேதாரத்துக்கான இடம் என்று முதல் ஐந்து பக்கமும், வருங்கால மக்கள்தொகையை முன்னிட்டு என்று அடுத்த மூன்று பக்கமும் சொல்லின. எட்மண்ட் பற்றியும் விசாரித்திருந்தார்கள்: தளவாடப் போக்குவரத்தில் முப்பத்து நான்கு வருஷ அனுபவம்.

"நான் சொல்லல?" என்றார் சம்பத். "சாதாரண ஆளுக்கு இப்படி நம்பர் வராது. ரவுண்டாத்தான் வரும்."

சனிக்கிழமை காலை பாராட்டு விழா, மாடம்பாக்கத்தில், பெருமதிப்பாளர் இல்லத்திலேயே. மூன்று கார்கள். சால்வை, மாலை, பாராட்டுப் பத்திரம், வீடியோ எடுப்பவர். நினைவுப் பரிசு ஒன்றும் இருந்தது: கண்ணாடிப் பேழை, உள்ளே நீல வெல்வெட், அதன்மேல் ஒரே ஒரு ரப்பர் புஷ். அது பொருள் அல்ல, சின்னம் என்பதால் விதி அனுமதித்தது. திறக்க முடியாதபடி சுற்றிலும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். முனிரத்தினத்தையும் அழைத்து வந்தார்கள். விழா முடிந்ததும் வேலைநீக்கக் கடிதத்தைக் கொடுத்துவிடலாம் என்று.

கோயில் தெருவுக்குப் பின்னால் சின்ன வீடு. எட்மண்ட் கதவைத் திறந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் இரண்டு பேனா. முதலில் அவர் பார்த்தது பேழையைத்தான்.

"வந்துடுச்சா! யூனிஸ், வந்துடுச்சு!"

கையை நீட்டினார். சம்பத் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி, தோளில் சால்வையைப் போர்த்தினார். வீடியோக்காரர் இன்னொரு முறை போர்த்தச் சொன்னார்.

உள்ளறையில் வாக்கரின் சத்தம் கேட்டது. மூன்று கால் மெத்தென்று விழுந்தது. நாலாவது டொக் என்றது.

சம்பத் பாராட்டுப் பத்திரத்தை அவரே படித்து, சட்டமிட்ட அட்டையை எட்மண்டிடம் கொடுத்தார். நடுவில் தங்க நிறத்தில் பெரிய எழுத்தில் 6,00,126. "சார், எல்லாரும் தெரிஞ்சுக்க ஆசைப்படுறோம். இந்த நம்பருக்கு எப்படி வந்தீங்க? குறிப்பா அந்த நூத்தி இருபத்தாறு?"

எட்மண்ட் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். பிறகு அட்டையின் ஓரத்தைப் பிடித்திருந்த அவருடைய வலது கை மெதுவாக எழும்பி, எதிரே கடிதம் பிரிக்கும் அலமாரியின் சிறு அறை ஒன்று இருப்பதுபோலவும் அதற்குள் அட்டையைச் செருகப் போவதுபோலவும் காற்றில் நின்றது.

"இந்த ஆர்டரை எழுதிகிட்ட பொண்ணு வந்திருக்காளா?" என்று கேட்டார்.

சம்பத் ஜீவிதாவை முன்னால் தள்ளினார். எட்மண்ட் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்ப்பார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கோபம் இல்லை. தொலைபேசியில் கேட்ட குரலுக்கு ஒரு முகம் கிடைத்ததில் சந்தோஷப்பட்டவர் போல இருந்தார்.

"நானும் சர்வீஸ்ல எத்தனையோ தபாலை மாத்திப் போட்டிருக்கேன்," என்று பொதுவாகச் சொன்னார். பிறகு கேமராவைப் பார்த்தார். "வயசாயிடுச்சு சார். நான்தான் நம்பரை ஏதோ குழப்பிச் சொல்லியிருப்பேன். என் தப்புதான். எனக்கு ஒண்ணு போதும்."

கேமராவின் சிவப்பு விளக்கு அணைந்தது.

சம்பத்தின் முகத்தில் முதலில் துக்கம் வந்தது. அது நிஜமான துக்கம். ஏழு வருஷத் துக்கம். அப்புறம் அது போய், விதி வந்தது. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"அப்போ, வாடிக்கையாளர் மனம் மாறினார். விதி முப்பத்தெட்டு." எட்மண்டின் தோளிலிருந்த சால்வையை எடுத்து நான்காக மடித்தார். பேழையையும் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். "இனிமே இந்த வீட்டுக்கு எங்க கடையிலேர்ந்து ஒரு பொருளும் வராது சார். ஒண்ணுகூட. இங்க கையெழுத்துப் போடுங்க. முனிரத்தினம், உங்களுக்கும் ஒரு லெட்டர் இருக்கு, வாங்கிக்குங்க."

"குட்யா," என்றார் முனிரத்தினம்.

எட்மண்ட் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எங்கே போட வேண்டும் என்று தேடினார்.

உள்ளறை வாசலில் யூனிஸ் வந்து நின்றார். நைட்டிமேல் துண்டு போட்டிருந்தார். விருந்தாளிகள் வந்திருக்கிறார்களே என்று தலை வாரியிருந்தார். வாக்கரின் ஒரு காலில் பழைய பனியன் துணி அவிழ்ந்து தரையில் இழுபட்டது. "யாருங்க வந்திருக்காங்க?" என்று ஓர் அடி வைத்தார். டொக் என்ற கால் டைல்ஸில் விலகியது.

ஜீவிதாதான் பக்கத்தில் இருந்தாள். இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே நின்றாள். அறையில் நான்கு பேருக்கு மேல் இருந்தார்கள். மணி பதினொன்று.

"எட்மண்ட் சார், கையெழுத்துப் போடாதீங்க," என்றாள். குரல் வந்தது. "சம்பத் சார், இவர் கேட்டது ஒண்ணுதான். என்கிட்ட தெளிவாச் சொன்னாரு. தப்பான கட்டத்துல போட்டது நான். முனிரத்தினம் அண்ணா எடுத்ததும் எனக்காகத்தான்."

"எந்தக் கட்டத்துலம்மா?" என்றார் சம்பத். "ஆறு லட்சத்து நூத்தி இருபத்தாறும்மா! ஆய்வு பண்ணியிருக்கோம்!"

"அது எண்ணிக்கையே இல்ல சார். நடுவுல கமாவை எடுத்துட்டுப் படிங்க. மாடம்பாக்கம் பின்கோடு."